வழிநூல் மரபும் மென்பொருள் பொதியாக்கமும்

தோற்றுவாய்

ஒரு நூல் அதன் ஆசிரியர் எழுதி முடித்த அளவில் நிறைவு பெறுவதில்லை. ஏட்டில் படி எடுத்தோர், உரை கண்டோர், அச்சிட்டோர், பிழை திருத்தியோர் எனப் பலர் கைவழியே அது கற்போரை வந்தடைகின்றது. கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளுக்கும் இது பொருந்தும். எங்கோ ஒருவர் எழுதிய நிரல், பயன்படுத்துவோரின் கணிப்பொறியில் பிழையின்றி நிறுவப்படுவதற்கு இடையே வேறொருவரின் உழைப்பு நிற்கின்றது. அவ்வுழைப்பின் பெயர் பொதியாக்கம். அதனைச் செய்பவர் பொதியாளர்.

மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும்போதெல்லாம் பொதியாளர் முற்றிலும் புதிதாகத் தொடங்குவதில்லை. முந்தைய பதிப்புக்கு எழுதப்பட்ட பொதியாக்கக் கோப்பை எடுத்துப் புதிய பதிப்புக்கேற்ப மாற்றி அமைக்கின்றார். பதிப்பெண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ணத் தோன்றும் இப்பணி எத்துணைக் கூர்ந்த வாசிப்பை வேண்டுவது என்பதையும், தமிழ் கற்றோர்க்கு இஃது ஏன் அயலானதன்று என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நூல் மூவகை

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகின்றது நன்னூல். அதன் ஆசிரியர் பவணந்தி முனிவர். அவரை அந்நூல் இயற்றுமாறு வேண்டியவன், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் வாழ்ந்த கங்க மரபினனாகிய சீயகங்கன். கங்கர்களின் தொடக்ககாலத் தலைநகர் கோலார். அக்கோலார், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய கருநாடகப் பகுதி என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. தமிழ் இலக்கணத்தின் பெருநூல் ஒன்று எல்லைப்புறத்து மரபினன் ஒருவனின் வேண்டுகோளால் பிறந்தது என்பது நமக்குப் பெருமை தருவதே.

வழிநூல் எத்தகையது? முன்னோர் நூலின் முடிவுகளோடு முழுதும் ஒத்துச் செல்ல வேண்டும். பின்னர் வந்தவர் தேவையெனக் கருதும் வேறுபாடுகளை எடுத்துரைக்க வேண்டும். அதே வேளையில் மரபு சிதையாமல் காக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி அது வழிநூல் ஆகாது. முதலில் சொன்னதை மட்டும் செய்தால் அது வெறும் படி. இரண்டாவதை மட்டும் செய்தால் அது தொடர்பற்ற புதுநூல். பழைய பொதியாக்கக் கோப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றி அமைப்போர் செய்வதும் வழிநூல் பணியே எனலாம்.

பொதியாக்கக் கோப்பு என்பது யாது?

மூலநிரலை எங்கிருந்து பெறுவது, அதைக் கட்டுவதற்கு வேறு எம்மென்பொருள்கள் வேண்டும், எம்முறையில் கட்டுவது, விளையும் கோப்புகளை எங்கே வைப்பது, உரிமம் யாது, யார் எப்போது எதை மாற்றினார் என்பனவற்றையெல்லாம் கணிப்பொறி படிக்கும் வடிவில் எழுதி வைத்த குறிப்பே பொதியாக்கக் கோப்பு. விருந்துச் சமையலுக்குப் பொருட்பட்டியலும் செய்முறையும் எழுதி வைப்பதைப் போன்றது அது.

ரெட்ஹேட், ஃபெடோரா முதலிய இயங்குதளங்களில் இக்குறிப்பு ஒரே கோப்பாக அமையும். அதனை ஸ்பெக் கோப்பு என்பர். 1993ஆம் ஆண்டு இயன் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன் இயங்குதளத்தில் இக்குறிப்புகள் ஓர் அடைவுக்குள் பல கோப்புகளாகப் பிரிந்து நிற்கும். சார்புகளைக் கூறுவது கன்ட்ரோல். கட்டும் முறையைக் கூறுவது ரூல்ஸ். உரிமத்தைக் கூறுவது காப்பிரைட். மாற்ற வரலாற்றைக் கூறுவது சேஞ்ச்லாக். புதிய பதிப்பு எங்கே வெளியாகும் என்று நோக்கச் சொல்வது வாட்ச்.

டெபியன் நமக்குத் தொலைவானதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007ஆம் ஆண்டு வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோசுடன் பாஸ் இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றது. டெபியன் முதல்நூலாயின் பாஸ் அதன் வழிநூல். அம்மடிக்கணினி புகுந்த வீடுகளிலெல்லாம் பெயர் அறியாப் பொதியாளர்களின் உழைப்பும் புகுந்தது.

லோகித் தமிழ்: ஓர் எடுத்துக்காட்டு

இனி ஒரு மெய்யான சான்றைக் காண்போம். லினக்ஸ் இயங்குதளங்களில் தமிழைக் காட்டுவதற்குப் பயன்படும் எழுத்துருக்களுள் ஒன்று லோகித் தமிழ். ரெட்ஹேட் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென வெளியிட்ட லோகித் வரிசையைச் சேர்ந்தது அது. ஃபெடோராவில் ஒரு பெயரிலும் டெபியனில் வேறொரு பெயரிலும் அது பொதியாக வழங்குகின்றது. கன்னடம், தெலுங்கு முதலிய மொழிகளுக்கும் அவ்வரிசையில் எழுத்துருக்கள் உண்டு.

எழுத்துருவுக்குப் புதிய பதிப்பு ஏன் வேண்டும்? இந்திய ரூபாய்க்கு உரிய குறியை நடுவண் அரசு 2010ஆம் ஆண்டு சூலை மாதம் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த யூனிகோடு 6.0 பதிப்பில் அதற்குத் தனி இடம் கிடைத்தது. அதற்கு முன்னர் உருவான எழுத்துருவில் அக்குறியை அதற்குரிய இடத்தில் காண இயலாது. மொழியும் வாழ்வும் மாறுந்தோறும் எழுத்துருவும் மாற வேண்டியுள்ளது. எழுத்துரு மாறும்போது பொதியாக்கக் கோப்பும் மாறியாக வேண்டும்.

லோகித் எழுத்துருக்களில் நேர்ந்த மூன்று மாற்றங்கள் கருதத்தக்கவை.

முதலாவது உரிம மாற்றம். தொடக்கத்தில் ஜி.பி.எல். உரிமத்தில் வழங்கிய லோகித், 2011ஆம் ஆண்டு எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறியது. பதிப்பெண்ணை மட்டும் மாற்றிவிட்டு உரிமக் கோப்பைப் பழையபடி விட்டால் பொதி பிழையின்றிக் கட்டப்படும். எழுத்தும் தெளிவாகத் தெரியும். ஆயினும் அப்பொதி பயன்படுத்துவோர்க்கு ஒரு பொய்யைச் சொல்லும்.

இரண்டாவது கட்டும் முறை மாற்றம். 2.91 வரிசைப் பதிப்புகளில், எழுத்துகள் கூடி வடிவெடுக்கும் விதிகள் தனி உரைக் கோப்பாகப் பிரித்து எழுதப்பட்டன. 'கொ' என்னும் எழுத்தில் ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் வந்து நிற்பதற்கும், 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகள் ஒரே வடிவாய்த் திரள்வதற்கும் இத்தகைய வடிவமைப்பு விதிகள் ஒழுங்காய் இயங்க வேண்டும். ஆகவே, பழைய செய்முறை புதிய மூலத்துக்கும் பொருந்துகின்றதா என்று பார்ப்பது பொதியாளரின் கடமையாயிற்று.

மூன்றாவது இருப்பிட மாற்றம். லோகித் மூலங்கள் வெளியிடப்பட்டு வந்த ஃபெடோராஹோஸ்டெட் தளம் 2017ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று மூடப்பட்டது. வெளியீடுகள் பாகூர் தளத்துக்குப் பெயர்ந்தன. பழைய முகவரியைச் சுமந்து நின்ற ஒவ்வொரு பொதியாக்கக் கோப்பும் அன்று முதல் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவதாயிற்று.

உரிமம், செய்முறை, மூல முகவரி என்னும் மூன்றும் பொதியாக்கக் கோப்பில் தனித்தனி வரிகள். ஒவ்வொரு வரியும் பழைய பதிப்பைக் கண்டு ஒருவர் அளித்த சாட்சியம். பதிப்பு மாறினால் சாட்சியம் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. மீண்டும் கண்டறிந்தே கூற வேண்டும்.

மாற்றி அமைக்கும் முறை

மாணவர்கள் வரிசையாக மனங்கொள்வதற்கு ஏற்ப இப்பணியை எட்டுப் படிகளாகக் கூறலாம்.

ஒன்று, பதிப்பெண். டெபியனில் 2.91.3-1 என்றிருந்தால் இடைக்கோட்டுக்கு முன்னுள்ளது மூல ஆசிரியர் இட்ட எண்; பின்னுள்ளது பொதியாளர் இட்ட எண். புதிய மூலம் வந்தால் பின்னெண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இவ்வெண்களைப் பதின்மப் பின்னமாகக் கருதலாகாது. கணக்குப் பாடத்தில் 2.10ஐவிட 2.9 பெரிது; பதிப்பு வரிசையிலோ 2.9க்குப் பின்னரே 2.10 வரும்.

இரண்டு, மூலம். முகவரி சரியா என்று பார்த்துப் புதிய மூலத்தைப் பெற்று, அதன் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டுப் பதிய வேண்டும். மூல ஆசிரியரின் மின்கையொப்பம் இருப்பின் அதனையும் ஒப்புநோக்க வேண்டும்.

மூன்று, பாடவேறுபாடு காணல். பழைய மூலத்தையும் புதிய மூலத்தையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பல ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் உழைப்பை அறிந்த நமக்கு இதன் இன்றியமையாமையை விளக்க வேண்டுவதில்லை. கணிப்பொறி வேறுபாடுகளைக் காட்டித் தரும்; அவற்றின் பொருளை மனிதரே உணர வேண்டும்.

நான்கு, உரிமம். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உள்ள உரிமக் குறிப்பு மாறியுள்ளதா என்று நோக்க வேண்டும்.

ஐந்து, சார்புகள். புதிய பதிப்பு வேறு நூலகங்களை வேண்டலாம். பழையவற்றைக் கைவிட்டும் இருக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் 1.1 வரிசையிலிருந்து 3 வரிசைக்கு மாறியபோது டெபியனில் நூலகப் பொதியின் பெயரே மாறியது. அதனைச் சார்ந்து நின்ற மென்பொருள்களை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

ஆறு, ஒட்டுகள். பழைய மூலத்தில் கண்ட குறைகளைப் போக்கப் பொதியாளர் சேர்த்த திருத்தங்களே ஒட்டுகள். அவற்றுள் எவை மூல ஆசிரியராலேயே ஏற்கப்பட்டுத் தேவையற்றுப் போயின, எவை இன்னும் வேண்டும், எவை இடம் மாறிப் பொருந்தாமல் நிற்கின்றன என்று ஒவ்வொன்றாய் ஆராய வேண்டும்.

ஏழு, கட்டிப் பார்த்தல். தம் கணிப்பொறியில் கட்டினால் போதாது. அதில் முன்னரே நிறுவியிருந்த ஏதோ ஒன்று, பட்டியலில் விடுபட்ட சார்பை மறைத்துவிடும். ஆகவே அடிப்படைப் பொதிகளன்றி வேறெதுவும் இல்லாத தூய சூழலில் கட்ட வேண்டும். பின்னர்ப் புதிதாய் நிறுவியும் பழைய பொதியின்மீது மேம்படுத்தியும் இரு வகையாலும் சோதிக்க வேண்டும். எழுத்துருவாயின் தமிழ்ப் பத்தி ஒன்றைத் தட்டச்சிட்டுக் கண்ணால் காண வேண்டும்.

எட்டு, மாற்ற வரலாறு. என்ன மாற்றினோம் என்பதோடு ஏன் மாற்றினோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அடுத்து வரும் பொதியாளர்க்கு அதுவே உரை. உரையில்லா மூலம் கற்பார்க்கு எத்துணை இடர் தரும் என்பதைத் தமிழ் மாணவர் நன்கறிவர்.

ஒட்டும் தீங்கும்

இத்துணைக் கவனம் தேவையா என்று சிலர் வினவலாம். 2006ஆம் ஆண்டு டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதிக்கு ஓர் ஒட்டுச் சேர்க்கப்பட்டது. நினைவகத்தை ஆராயும் கருவி ஒன்று எழுப்பிய எச்சரிக்கையைப் போக்கும் நன்னோக்கத்துடன் இரண்டு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று, மறைகுறியீட்டுத் திறவுகோல்களை யாரும் ஊகிக்க இயலாதபடி ஆக்கும் ஒழுங்கின்மையைச் சேர்ப்பதற்கான வரி. அது போனபின், எண்ணற்றவாய் இருக்க வேண்டிய திறவுகோல்கள், ஒரே வகையும் ஒரே நீளமும் உடையனவாயின், ஏறத்தாழ 32,000 என்னும் அளவுக்குள் சுருங்கிப் போயின. அத்தனையையும் ஒரு கணிப்பொறி எளிதில் முயன்று பார்த்துவிடும்.

இங்கே நாம் கருத வேண்டியது, அவ்வொட்டு ஒரு பதிப்போடு நின்றுவிடவில்லை என்பதே. 0.9.8 வரிசையின் அடுத்தடுத்த பதிப்புகள் வந்தபோதும் அது பழைய கோப்புகளோடு அப்படியே எடுத்துச் செல்லப்பட்டது. ஏறத்தாழ இருபது மாதங்கள் கழித்து 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் லூசியானோ பெல்லோ என்பவர் கண்டறிந்த பின்னரே உலகெங்கும் திறவுகோல்கள் மாற்றப்பட்டன. 'முன்னர் இருந்தது, ஆகவே சரியாயிருக்கும்' என்னும் எண்ணம் படி எடுப்போரின் இயல்பு. வழிநூல் செய்வோர்க்கு அது தகாது.

முதல்நூலையும் ஐயுறுதல்

வழிநூல் உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. நம் இலக்கண மரபு முதல்நூல் கண்டோனைக் குறையற்ற அறிவினனாகக் கொண்டது. மென்பொருள் உலகில் அவ்வாறு கொள்ள இயலாது என்பதை 2024ஆம் ஆண்டு உணர்த்தியது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ஒரு சிறு மென்பொருள். அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், பராமரிப்பாளர் என்னும் நம்பிக்கையை மெல்ல மெல்லப் பெற்ற ஒருவரால் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. அதனை இயக்கி வைக்கும் வரிகள் அனைவரும் காணும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. பொதியாளர்கள் எடுத்துக் கட்டுவதற்கென வெளியிடப்பட்ட மூலக் கட்டில், கட்டும் முறையைக் கூறும் கோப்பு ஒன்றனுள் மறைந்திருந்தன. டெபியன், ரெட்ஹேட் வகைப் பொதியாகக் கட்டும்போது மட்டுமே செயற்படுமாறு அது எழுதப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும்போது அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், 2024 மார்ச்சு 29 அன்று அதனை உலகுக்கு அறிவித்தார். நிலைபெற்ற பதிப்புகளுக்குள் பரவுமுன் அது தடுக்கப்பட்டது.

சரிபார்ப்புத் தொகை அப்போது பொருந்தியே இருந்தது. பெற்ற கட்டும் வெளியிட்ட கட்டும் ஒன்றே என்பதைத்தான் அத்தொகை கூறும். வெளியிட்டவர் நல்லவர் என்று கூறாது. வெளியீட்டுக் கட்டையும் களஞ்சிய மூலத்தையும் ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காண்பது வீண்வேலை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் வட்டாரமும் நாமும்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை அறிந்த மாணவர்க்கு இப்பணியின் இயல்பு எளிதில் விளங்கும். ஓர் உதிரிபாகத்தின் டிராயிங் திருத்தப்பட்டுப் புதிய ரிவிஷன் எண்ணுடன் பட்டறைக்கு வருகின்றது. துளையின் இடம் சிறிது நகர்ந்துள்ளது. பழைய டிராயிங்கிற்கென்று செய்த ஜிக்கை அப்படியே பயன்படுத்தினால் அன்றைய உற்பத்தி முழுதும் கழிவாகும். ஜிக்கை முற்றிலும் புதிதாய்ச் செய்வதோ காலமும் பொருளும் கேட்கும். எனவே தேர்ந்த தொழிலாளி இரு டிராயிங்கையும் அருகருகே வைத்து, மாறியது எது, மாறாதது எது எனக் கண்டு, ஜிக்கை வேண்டிய அளவு மட்டும் திருத்துகின்றார். முதற்பொருளை அளந்து பார்த்த பின்னரே மற்றவற்றைச் செய்கின்றார். பொதியாளர் செய்வதும் இதுவே.

தமிழுக்கு இதனால் நேரும் இழப்பும் ஆக்கமும் கருதத்தக்கவை. பைத்தான் நிரல்மொழியின் இரண்டாம் வரிசைக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு முடிவுற்றது. புதிய வரிசைக்கு மாற்றி அமைக்க ஆளில்லாத பல பொதிகளை டெபியன் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. அவை தீய மென்பொருள்கள் என்பதனால் அன்று; பேணுவார் இல்லாமையால். ஓலைச்சுவடிகள் பல அழிந்ததும் பகைவரால் மட்டுமன்று; காலத்தே படி எடுப்பார் இல்லாமையாலும் அழிந்தன. தமிழ் எழுத்துரு, தமிழ்ச் சொற்பிழை திருத்தி, தமிழ்த் தட்டச்சுக் கருவி ஆகியவற்றின் பொதியைப் புதுப்பிப்பார் இல்லையெனில் அவையும் ஒருநாள் அவ்வாறே மறையும். நிரல் இருக்கும்; நிறுவ வழி இராது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் வட்டாரம் நம்முடையது. எழுத்து ஒழுங்காய்த் தெரிகின்றதா, கூட்டெழுத்து சிதைகின்றதா என்று கண்டு சொல்ல, அம்மொழிகளை வீட்டிலும் கடைவீதியிலும் பேசி வளர்ந்த நம் மாணவரினும் தக்கார் யாவர்? நிரல் எழுதத் தெரிந்த கணிப்பொறித் துறை மாணவரும் எழுத்திலக்கணம் அறிந்த தமிழ்த்துறை மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யத்தக்க பணி இது. பெருமுதல் வேண்டுவதில்லை, பழைய கோப்பு ஒன்றும் புதிய மூலம் ஒன்றும் பொறுமையும் போதும்.

நிறைவுரை

பழையதை அப்படியே சுமப்பதும் மரபன்று. முற்றும் எறிந்துவிட்டுத் தொடங்குவதும் வளர்ச்சியன்று. முன்னோர் எழுதிய ஒவ்வொரு வரியையும் இன்றைய பொருளோடு ஒப்பிட்டு, பொருந்துவதைக் காத்து, பொருந்தாததை மாற்றி, மாற்றிய காரணத்தையும் பின்வருவோர்க்கு எழுதி வைப்பதே வழிநூல் மரபு. பதிப்பெண்ணை மாற்ற ஒரு நொடி போதும். அவ்வெண்ணுக்குக் கீழுள்ள வரிகள் யாவும் இன்றும் உண்மையே என்று பெயரிட்டுப் பொறுப்பேற்கத்தான் கல்வி வேண்டும். பொதியாக்கக் கோப்பின் மாற்ற வரலாற்றில் ஒவ்வொரு பதிவிலும் நாளும் பெயரும் நிற்பது அப்பொறுப்பின் அடையாளமே. நம் மாணவர் சிலரின் பெயரும் அங்கே இடம்பெறும் நாள் விரைவில் வருவதாக.